வார்களை அவிழ்க்க ஒரு மூச்சு

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி இறுகிக் கிடக்கிறது, கப்பல் ஏதும் வராது.
என் பேஸ்மென்டில், துணி உலர்த்தும் எந்திரத்துக்கும்
துருப்பிடித்த ஸ்கேட்டுகளுக்கும் நடுவே
ஒரு மடக்கு மேசை, ஐந்து நாற்காலி.
ஆட்டத்தை நடத்துபவள் நான்,
அட்டைத் தடுப்புக்குப் பின்னால்.

தடுப்புக்குள் ஒரு நோட்டு இருக்கிறது.
முந்நூற்றுச் சொச்சம் பக்க விதிப்புத்தகம்
சொல்லாமல் விட்டதெல்லாம் அதில்.
ஈரக் கயிறு எரியாது.
தூங்கும் டிராகனுக்குப் பாதிக் காது கேட்கும்.
ஆடு குதிரை ஆகாது, வெண்டல், மறுபடி கேட்காதே.
ஒவ்வொன்றின் கீழும் தேதி.

பக்கம் பதினான்கு, அக்டோபர் மூன்று:
தண்ணீருக்குள் கவசத்தின் வார்களை அவிழ்க்க
ஒரு மூச்சு போதும்.

கரையில் ஐந்து நிமிடம் என்கிறது புத்தகம்.
தண்ணீரைப் பற்றி வாய் திறக்கவில்லை.
அன்றிரவு ஆர்லனின் வீரன் பாலத்திலிருந்து விழுந்தான்.
அன்று காலை
இரும்புத்தாதுத் துறையில் ஆர்லனுக்கு வேலை போயிருந்தது.
அவன் சொல்லவில்லை. மரிட் என்னிடம்
மாடிப்படியில் வைத்துச் சொன்னாள்.
ஒரே நாளில் ஒருவனை இரண்டு முறை மூழ்கடிக்க
எனக்குக் கை வரவில்லை.
பழைய தோல், இற்றுப்போன வார், ஒரு மூச்சு என்றேன்.
ஏன் என்று எழுதவில்லை.
விதியை மட்டும் எழுதி வைத்தேன்.

இன்றிரவு கோமகன் விழுந்தான்.
இரண்டு வருஷமாக இவர்கள் துரத்தும் கோமகன்.
ஒடெட்டின் ஊரைக் கொளுத்தியவன்,
பெங்கின் பாணனுக்கு இரண்டு விரலை வெட்டியவன்.
படகின் விளிம்பில் நின்று பேசிக்கொண்டிருந்தவனை
வெண்டலின் ஆடு முட்டித் தள்ளியது.
பகடையில் இருபது. நானே பார்த்தேன்.
சிப்ஸ் பறந்தது. மரிட் மேசையில் ஏறாத குறை.
கோமகனின் மோதிரம் யாருக்கு என்று
வெண்டல் அதற்குள் பங்கு பிரிக்கிறான்.

"உடம்பெல்லாம் இரும்பு. மூழ்கிவிட்டான், இல்லையா?"
ஒடெட் கேட்டாள்.

நான் நோட்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.
பதினான்காம் பக்கத்தில்
ஆர்லன் என்ற பெயர் இல்லை.
நல்லவன் என்ற சொல்லும் இல்லை.
கோமகனுக்குக் கை உண்டு, மூச்சு உண்டு, வார் உண்டு.

கவசத்தை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு
உள்ளாடையோடு அக்கரை ஏறினான்.

"அது எங்களுக்கான விதி!" என்றான் பெங்.
"எங்கே எழுதியிருக்கிறது?"
"நீதானே எழுதினாய். நீயே அழி."

பென்சிலின் பின்பக்கம் ரப்பர் இருந்தது.
ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு,
இரண்டுக்கும் அதே விரல் போதும்.
அழித்திருப்பேன். எனக்கும் அந்தக் கோமகனைப் பிடிக்காது.
ஆனால் அடுத்த வாரம் ஒருவன் பகடையை உருட்டுவான்,
அது நிற்கும்வரை அதைப் பார்க்க மாட்டான்,
என் முகத்தைப் பார்ப்பான்.

ஒடெட் பகடைப் பையை
வேண்டுமென்றே சத்தமாக மூடினாள்.
பெங் அடுத்த வாரம் வேலை இருக்கிறது என்றான்.
இருக்காது. வருவான் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் போன பிறகு ஆர்லன் மட்டும் படிக்கட்டில்.
இன்னும் வேலை கிடைக்கவில்லை.
"அக்டோபரிலேயே நான் செத்திருக்கணும், இல்லையா?"
"நோட்டில் அப்படி இல்லை."
"நோட்டில் இல்லை, சரி."

குனிந்தான். பனிக்கால பூட்ஸில்
காலுக்கு நான்கு பக்கிள், குளிரில் விறைத்தவை.
ஒவ்வொன்றாக மாட்டினான்.
வெகுநேரம் ஆயிற்று.
நான் விளக்கை அணைக்காமல் நின்றிருந்தேன்.